காலி இடம் விட்டு வைத்த மேதை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறவர்கள் அறப்பளீசுவரரைத் தரிசிப்பார்கள். ஆகாய கங்கை அருவியில் குளிப்பார்கள். வல்வில் ஓரியின் கதையைக் கேட்டுவிட்டு, பலாப்பழமும் மிளகும் வாங்கிக்கொண்டு இறங்குவார்கள். காலில் ஒட்டிய செம்மண்ணை உதறிவிட்டு பஸ் ஏறுவார்கள்.

அந்தச் செம்மண் மலையின் உச்சிகளில் பாக்சைட் என்னும் தாது இருக்கிறது. அலுமினியம் அதிலிருந்துதான் கிடைக்கிறது. அலுமினியத்தோடு கூடவே, துளித் துளியாக, இன்னொரு உலோகமும் பாக்சைட்டில் ஒளிந்திருக்கும். அதன் பெயர் காலியம்.

அந்த உலோகத்தை உலகில் எவரும் கண்ணால் காண்பதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே, அது எவ்வளவு எடை இருக்கும், எவ்வளவு கனக்கும், எப்படி நடந்துகொள்ளும் என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அவர் ஜோதிடர் அல்ல. ருஷ்ய நாட்டு ரசாயன மேதை திமித்ரி மெண்டலீவ்!

தாயின் வைராக்கியம்

பனி உறையும் சைபீரியாவில் தோபோல்ஸ்க் என்று ஓர் ஊர். அங்கே 1834-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந் தேதி மெண்டலீவ் பிறந்தார். பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் அவர்தான் கடைக்குட்டி.

தகப்பனார் இவான் பள்ளிக்கூடத் தலைவர். கடைசிப் பிள்ளை பிறந்த ஆண்டிலேயே அவருக்குக் கண் பார்வை போயிற்று. அதோடு வேலையும் போயிற்று. தாயார் மரியா மனம் தளரவில்லை. தன் பிறந்த வீட்டாருக்குச் சொந்தமான கண்ணாடித் தொழிற்சாலையை ஏற்று நடத்தி, பிள்ளைகளைக் காப்பாற்றினார். பழுக்கக் காய்ச்சிய உலையில் மணல் உருகிக் கண்ணாடியாவதைப் பார்த்துக்கொண்டே சிறுவன் திமித்ரி வளர்ந்தான்.

1847-ல் தகப்பனார் இறந்தார். அடுத்த ஆண்டு தொழிற்சாலை தீப்பற்றி எரிந்து சாம்பலாயிற்று. மரியாவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கையில் எஞ்சியது கொஞ்சம் பணமும், கடைசி மகனைப் படிக்க வைத்தே தீருவது என்ற வைராக்கியமும்தான்.

ரெயில் இல்லாத காலம். 1849-ல் மகனையும் ஒரு மகளையும் அழைத்துக்கொண்டு, சுமார் 2,000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாஸ்கோவுக்குக் குதிரை வண்டியில் புறப்பட்டார். மாஸ்கோ சர்வகலாசாலை சைபீரியாப் பையனுக்கு இடம் இல்லை என்று கையை விரித்துவிட்டது. தாயார் அங்கேயே உட்கார்ந்து அழவில்லை. தலைநகரான செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பயணமானார். தகப்பனார் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் 1850-ல் மகனுக்கு இடம் கிடைத்தது.

வந்த காரியம் முடிந்தது என்பதுபோல், அதே ஆண்டில் மரியா கண்ணை மூடினார். பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1887-ல், கரைசல்களைப் பற்றித் தாம் எழுதிய பெரிய ஆராய்ச்சி நூலை மெண்டலீவ் தம் தாயாரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

சிதறிக் கிடந்த 63

1855-ல் தங்கப் பதக்கத்தோடு படிப்பை முடித்தார். உடல் நலம் கெட்டிருந்ததால் வெப்பமான கிரிமியாப் பக்கம் ஆசிரியராகப் போனார், உடம்பு தேறியது. ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் ஆராய்ச்சி செய்தார். 1867-ல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியரானார்.

மாணவர்களுக்கு நல்ல பாடப் புத்தகம் இல்லை. தாமே எழுத உட்கார்ந்தார். அப்போதுதான் தொல்லை வந்தது.

இரும்பு, தங்கம், கந்தகம், பிராணவாயு போல, வேறு பொருளாகப் பிரிக்க முடியாதவற்றை மூலகங்கள் என்பார்கள். இன்றைய பள்ளிப் புத்தகங்கள் தனிமங்கள் என்கின்றன. அன்றைக்குத் தெரிந்திருந்தவை 63. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒரு நிறம், ஒரு எடை. எதை முதலில் சொல்வது, எதை அடுத்துச் சொல்வது? திருவிழாவில் காணாமற் போன பிள்ளைகள் மாதிரி, எது எந்தக் குடும்பம் என்று தெரியாமல் அவை நின்றன.

சில குடும்பங்கள் மட்டும் முகச் சாயலில் தெரிந்தன. லித்தியத்தைத் தண்ணீரில் போட்டால் மெல்லக் குமிழி விடும். சோடியம் சீறிக்கொண்டு ஓடும். பொட்டாசியம் தீப்பற்றியே எரியும். பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்திருப்பது இதனால்தான். இவற்றின் அணு எடை முறையே 7, 23, 39. எடை கூடக் கூடத் துடுக்கும் கூடுகிறது.

குளோரின், புரோமின், அயோடின் ஆகிய மூன்றும் வேறொரு குடும்பம். முதலாவது வாயு, இரண்டாவது திரவம், மூன்றாவது திடப்பொருள். இங்கே எடை கூடக் கூட வேகம் குறைகிறது!

இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏதோ ஒரு விதி இருக்கவேண்டும் என்று மெண்டலீவுக்குப் பட்டது. மூலகங்களின் பெயரையும் எடையையும் சீட்டுகளில் எழுதி, சீட்டாட்டம் போல் அடுக்கி அடுக்கிப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

விடை கிடைத்த நாள் 1869-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதி. எடை வரிசையில் மூலகங்களை நிறுத்தினால், மற்றவற்றோடு சேரும் சக்தி 1, 2, 3, 4 என்று ஏறுகிறது. பிறகு 3, 2, 1 என்று இறங்குகிறது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. சனிக்கிழமை போனால் ஞாயிறு திரும்பி வருவதுபோல, குணங்கள் முறை வைத்துத் திரும்பி வருகின்றன. ஆவர்த்தன அட்டவணை பிறந்துவிட்டது.

காலி இடம்

இப்படி யோசித்தவர் அவர் ஒருவர்தானா? இல்லை. சங்கீதத்தில் ஏழு சுரம் முடிந்து எட்டாவதாக மீண்டும் ஸட்ஜமம் வருவதுபோல, எட்டாவது மூலகம் முதலாவதை ஒத்திருக்கிறது என்று இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ் என்பவர் 1865-ல் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஜெர்மனியில் லோதர் மேயரும் ஏறக்குறைய இதே அட்டவணையைப் போட்டார்.

ஆனால் மெண்டலீவுக்கு ஒரு தனித் துணிச்சல் இருந்தது. எடை வரிசையில் துத்தநாகத்துக்கு அடுத்து அன்றைக்குத் தெரிந்திருந்த மூலகம் ஆர்சனிக். வரிசைப்படி நிறுத்தினால் அது அலுமினியத்தின் கீழே போய் உட்காரும். குணமோ பாஸ்பரஸின் குணம்! மெண்டலீவ் ஆர்சனிக்கைத் தூக்கிப் பாஸ்பரஸின் கீழே வைத்தார். நடுவில் இரண்டு இடம் காலியாயிற்று. ஆகட்டும், அந்த இடங்களுக்கு உரியவர்கள் இன்னும் வந்து சேரவில்லை என்று தீர்மானித்தார்.

வராதவர்களுக்குப் பெயரும் வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நம் நாட்டு சமஸ்கிருதச் சொல். ஏகம் என்றால் ஒன்று. அலுமினியத்துக்கு ஒரு வீடு கீழே இருக்கப் போவது ஏக அலுமினியம். சிலிக்கனுக்குக் கீழே ஏக சிலிக்கன். போரானைச் சேர்ந்தது ஏக போரான்.

1871-ல் இம்மூன்றின் ஜாதகத்தையும் விவரமாக வெளியிட்டார். மேல் வீடு, கீழ் வீடு, இடப் பக்கம், வலப் பக்கம் என்று அண்டை வீட்டாரின் எண்களைப் பார்த்து நடுக்கணக்கு எடுத்தார். ஏக அலுமினியத்தின் அணு எடை 68, அடர்த்தி 5.9, சுலபமாக உருகும், நிறமாலைக் கருவியால் கண்டுபிடிக்கப்படும் என்றார். யுரேனியத்தின் அணு எடை 120 என்று புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்தன. அட்டவணையில் பொருந்தவில்லை, ஆகவே 240 என்று இரட்டிப்பாக்கினார்!

பொய்த்துப் போனால் ஊர் சிரிக்கும். பேராசிரியர் பதவியும் பெயரும் என்ன ஆவது? கணக்கின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிரான்சிலிருந்து செய்தி

4 ஆண்டுகள் ஓடின. 1875-ல் பிரெஞ்சு விஞ்ஞானி லெகோக் டி புவாபோத்ரான், பிரனீஸ் மலையிலிருந்து வந்த துத்தநாகத் தாதுவை நிறமாலைக் கருவியில் பார்த்தபோது, அதுவரை எவரும் காணாத இரண்டு ஊதாக் கோடுகள் தெரிந்தன. புதிய உலோகம்! பிரான்சின் பழைய லத்தீன் பெயரைக் கொண்டு அதற்குக் காலியம் என்று பெயரிட்டார். காலி இடத்துக்குக் காலியமே வந்து சேர்ந்தது, தமிழில் நமக்குக் கிடைத்த வேடிக்கை.

அடர்த்தி 4.7 என்று லெகோக் அறிவித்தார். அதைப் படித்த மெண்டலீவ், அளவு தவறு, 5.9-க்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், உலோகத்தை நன்றாகச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பார்க்கட்டும் என்று தெரிவித்தார். கையில் உலோகத்தை வைத்திருப்பவருக்கு, அதைக் கண்ணாலும் பார்க்காதவர் திருத்தம் சொன்னார்! லெகோக் மறுபடி அளந்தார். 5.9 வந்தது.

1879-ல் சுவீடனில் நீல்சன் கண்ட ஸ்காண்டியம் ஏக போரானின் இடத்தை நிரப்பிற்று. 1886-ல் ஜெர்மனியில் விங்க்ளர் கண்ட ஜெர்மானியம் ஏக சிலிக்கனின் இடத்தில் வந்து அமர்ந்தது. சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்.

கொல்லிமலையில் நடப்பது

மெண்டலீவ் கண்ட விதி காகிதத்தில் மட்டும் இருப்பதல்ல. கொல்லிமலையின் மேல் பல லட்சம் ஆண்டுகளாக மழை பெய்து அதை நடத்திக் காட்டியிருக்கிறது.

அந்த மலை சார்னோக்கைட் என்னும் கடும் பாறையால் ஆனது. மழை நீர் ஊறி ஊறிப் பாறை இற்றுப்போகும்போது, அட்டவணையின் முதல் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் ஆகியவை எளிதில் கரைந்து அடிவாரத்துக்கு ஓடிவிடுகின்றன. சிலிக்கனும் மெல்ல மெல்லக் கழிகிறது. மூன்றாம் குடும்பத்து அலுமினியம் மட்டும் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. இரும்பும் தங்குகிறது, மண் சிவப்பது அதனால்தான். எஞ்சி நிற்பதே பாக்சைட்.

ஒரு வீடு கீழே இருக்கும் காலியத்துக்கும் அதே மூன்று கை. ஒரு குடும்பத்தில் கீழே போகப் போக அணு பருத்துக்கொண்டே போவது வழக்கம். ஆனால் காலியத்துக்கு முன்னால் ஸ்காண்டியம் முதல் துத்தநாகம் வரை 10 உலோகங்கள் குறுக்கிடுகின்றன. அந்த வழியில் அணு சுருங்கிச் சுருங்கி, காலியம் ஏறத்தாழ அலுமினியத்தின் பருமனிலேயே நின்றுவிட்டது. ஆகவே மழையாலும் அண்ணன் தம்பியைப் பிரிக்க முடியவில்லை. உலகத்துப் பாக்சைட்டில் பொதுவாக டன்னுக்குச் சுமார் 50 கிராம் காலியம் இருக்கும்.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, மேட்டூரில் 1965 முதல் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அலுமினியம் தயாரித்தது. தாதுவைச் சுத்தம் செய்ய உலகெங்கும் கையாளும் முறையை 1887-ல் கண்டுபிடித்தவர் கார்ல் பேயர். அவர் அதைக் கண்டுபிடித்தது மெண்டலீவ் வாழ்ந்த அதே பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஆலையில்! காஸ்டிக் சோடாவில் அலுமினியம் கரையும்; இரும்பு செஞ்சேறாகத் தங்கும். அலுமினியம் போகும் வழியிலேயே காலியமும் கரைந்து போகும். மேட்டூரில் ஒரு காலத்தில் அதையும் பிரித்தெடுத்தார்கள். 2008-ல் அங்கே அலுமினிய உற்பத்தி நின்றது.

காலியம் உருகும் வெப்பநிலை 29.8 டிகிரி. மலை அடிவாரத்துக் காரவள்ளியில் கோடைப் பகலில் அது பாதரசம் போல் ஓடும். குளிர்ந்த கொல்லிமலை மேல் கட்டியாகவே கிடக்கும். வீட்டுக்கு வீடு எரியும் எல்.இ.டி. விளக்கின் உயிர் காலியம் சேர்ந்த பொருளில்தான் இருக்கிறது.

கிடைக்காத நாற்காலி

மூலகங்களுக்கு இடம் கண்டுபிடித்தவருக்குத் தம் நாட்டில் இடம் கிடைப்பது எளிதாக இல்லை. 1880-ல் ருஷ்ய விஞ்ஞானக் கழகம் அவரை அங்கத்தினராகச் சேர்க்க மறுத்தது. 1890-ல் மாணவர்கள் தங்கள் குறைகளை எழுதி அவரிடம் கொடுத்தார்கள். அந்த மனுவைத் தாமே எடுத்துக்கொண்டு போய் மந்திரியிடம் சேர்ப்பித்தார். மந்திரி வாங்க மறுத்தார். மெண்டலீவ் பேராசிரியர் பதவியையே துறந்தார். 1893-ல் எடை, அளவு நிலையத்தின் தலைமை அவருக்குக் கிடைத்தது. கடைசி வரை அங்கேதான் உழைத்தார்.

எல்லாவற்றிலும் அவர் சரியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. 1894-ல் ஆர்கான் என்ற சோம்பேறி வாயு அகப்பட்டபோது, அதை மூலகம் என்று ஒப்புக்கொள்ள நெடுநாள் தயங்கினார். மூலகங்களை வரிசைப்படுத்துவது எடை அல்ல, அணுவின் நடுவே இருக்கும் மின்னேற்றமே என்பதை அவர் மறைவுக்குப் பின், 1913-ல், மோஸ்லி என்னும் இளைஞர் காட்டினார். அஸ்திவாரத்தின் காரணம் மாறியது, கட்டடம் அசையவில்லை.

1906-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசை மெண்டலீவுக்கு வழங்கலாம் என்று தேர்வுக் குழு சிபாரிசு செய்தது. சுவீடனின் விஞ்ஞானக் கழகம் அதை மாற்றி, புளோரினைப் பிரித்த பிரெஞ்சுக்காரர் மாய்சானுக்குக் கொடுத்தது. மறு ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி மெண்டலீவ் காலமானார். பரிசு பெற்ற மாய்சானும் அதே மாதம் 20-ந் தேதி இறந்தார்.

அட்டவணை மட்டும் வளர்ந்துகொண்டே போயிற்று. 63 இன்று 118 ஆகிவிட்டது. ஏழு வரிசைகளிலும் ஒரு காலி இடம்கூட இல்லை. 1955-ல் அமெரிக்காவில் பெர்க்லி நகர விஞ்ஞானிகள் 101-வது மூலகத்தை உண்டாக்கினார்கள். அமெரிக்காவும் ருஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்த வீட்டுக்கு அவர்கள் சூட்டிய பெயர் மெண்டலீவியம். ஊரார் வருவதற்கெல்லாம் இடம் விட்டு வைத்தவருக்கு, அவர் போட்ட அட்டவணையிலேயே ஓர் இடம் கிடைத்தது.