மினுமினுப்பை ஆராய்ந்த மேதை

மம்பாவ் தோட்டப்புறத்தில் நண்பகல் வேளையில் தார்ச்சாலையை உற்று நோக்கினால், தொலைவிலுள்ள மரங்கள் நெளிவதுபோல் தோன்றும். இரவில் அங்கிருந்தே வானத்தைப் பார்த்தால் விண்மீன்கள் மினுமினுக்கும். இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கொந்தளிக்கும்போது, அதனூடே வரும் ஒளி இங்கும் அங்கும் வளைகிறது. இந்தக் கொந்தளிப்பைக் கணிதத்தால் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1930இல் மேற்கல்விக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை அப்பயணத்திலேயே கணக்கிட்டார். 1935இல் இலண்டன் அறிஞர் அவையில் அம்முடிவை விளக்கினார். புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அதே அவையில் அதை எள்ளி நகையாடினார். அப்போது சந்திரசேகருக்கு வயது 24. அவருக்காக வெளிப்படையாகப் பேச மூத்த அறிஞர்கள் முன்வரவில்லை.

சந்திரசேகர் மனம் வருந்தினாலும் வாதத்தில் காலத்தைக் கழிக்கவில்லை. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் ஆய்வை 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டுப் புதிய துறைகளை நாடினார். அவற்றுள் ஒன்று கொந்தளிப்பு. 1952இல் விண்மீன்களின் மினுமினுப்பைப் புள்ளியியல் முறையில் விளக்கும் கட்டுரையை வெளியிட்டார். காற்றின் ஒவ்வோர் அசைவையும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனினும், ஒளி சராசரியாக எவ்வளவு கலங்கும் என்பதைக் கணக்கிடலாம்.

இன்று கம்பியின்றி லேசர் ஒளிக்கற்றைவழி செய்தி அனுப்பும் பொறியாளர்களும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். காற்று கொந்தளித்தால் ஒளிக்கற்றை விலகும், அதன் வலிமை கூடிக் குறையும், செய்தி சிதையும். எனவே, கலக்கத்தின் அளவை அறிந்து, அதற்கேற்ப நொடிக்குப் பல நூறு முறை வடிவம் மாறும் கண்ணாடிகளைப் பயன்படுத்துகின்றனர். ஒளியைப் பெறும் கண்ணாடியைப் பெரிதாக்கியும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றனர்.

எள்ளப்பட்ட அந்த ஆய்வும் காலப்போக்கில் சரியென ஏற்கப்பட்டது. 1983இல் சந்திரசேகர் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் காலமானார். ஏளனத்தால் சோர்ந்து ஆய்வைக் கைவிடாத அவரது உறுதி, மாணவர்கள் பின்பற்றத்தக்கதாகும்.