ஜி.டி.நாயுடு

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி.நாயுடு. பள்ளிக்கூடமே அவருக்குப் பிடிக்கல. சின்ன வகுப்போடு நின்றுவிட்டார். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததும், அது எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சுக்க ஆசை வந்தது. அதுக்காகவே கோவையில் ஹோட்டல் சர்வராக வேலை செய்து காசு சேர்த்தார். வண்டியை வாங்கினார். பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி மாட்டினார். மெக்கானிக் வேலையை அப்படித்தான் கற்றார்.

இந்தக் கதையைக் கேட்டுட்டு எங்க அண்ணன் ஸ்குரூடிரைவர் எடுத்துச்சு! செங்கம் ரோட்டில் அம்மா வேலை பார்க்கும் விடுதியில் மைக்ரோவேவ் அடுப்பு. விளக்கு எரியுது, தட்டு சுத்துது, பால் மட்டும் சூடாகல. மோட்டார் சைக்கிள் வேற, இது வேற. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும். நாம வெளியே மட்டும்தான் பார்க்கலாம்: பவரைக் குறைச்சு வெச்சிருக்கா, கதவு சரியா சாத்துதா, லோ வோல்டேஜா. ஒரு கப் தண்ணி வெச்சுப் பார்த்தோம், சூடாகல. பிளக்கை எடுத்துட்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டாங்க. அவர் முதலில் கெபாசிட்டர் மின்சாரத்தை இறக்கிட்டுத்தான் கை வெச்சார். போனது டையோடு.

நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டினார். பிறகு நிறைய பஸ்கள் வந்தன. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து 1937-ல் மின்மோட்டார் செய்தார். இந்தியாவிலேயே அதுதான் முதலாவதாம். மின்சார சவரக் கருவியும் செய்திருக்கிறார். 1974-ல் இறந்தார். அவர் பெயரில் கோவையில் அருங்காட்சியகம் இருக்கு. முழு ஆண்டு லீவில் போகணும்னு அப்பாவிடம் கேட்டிருக்கேன்.