ஜிம்னாஸ்ட் ராஜா சாண்டோ

பாரலல் பார்ஸில் வித்தை காட்டின நம்ம காலேஜ் பையன்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று சங்கத்தில் பேச்சு வந்தால், பெரும்பாலும் பி.டி. மாஸ்டர், போலீஸ், ரயில்வே என்றுதான் பதில் வரும். எல்லாம் சோறு போட்ட வேலைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு, வேறு வழியில் போன ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

புதுக்கோட்டைக்காரர் அவர். இயற்பெயர் பி.கே. நாகலிங்கம். ஜிம்னாஸ்டிக்ஸில் உடம்பை உருக்கு மாதிரி ஆக்கியவர். பயில்வான் யூஜின் சாண்டோவின் புகழ் அப்போது இந்தியா முழுக்கப் பரவியிருந்ததால், இவருக்கும் ‘சாண்டோ’ ஒட்டிக்கொண்டது.

1920களின் தொடக்கத்தில் பம்பாய் போய், எஸ்.என். பதங்கரின் படக் கம்பெனியில் சேர்ந்தார். ஊமைப் படக் காலம். பாஷை தெரியாவிட்டாலும் உடம்பு பேசும்! 1927இல் வந்த ‘குணசுந்தரி’யில் கோஹருக்கு ஜோடி. பம்பாயில் அவர் பெரிய ஸ்டார்.

உடம்பு எத்தனை நாளைக்கு? முப்பத்தைந்தைத் தாண்டினால் பாரில் ஏறவே யோசிக்கிறோம். இவரோ புகழோடு இருக்கும்போதே டைரக்‌ஷன் கற்றுக்கொண்டார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சென்னைக்கு வந்து ஆர். பத்மநாபனின் கம்பெனிக்காக ஊமைப் படங்கள் எடுத்தார். வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவலான ‘அனாதைப் பெண்’ணும் அதில் ஒன்று. 1931இல் சினிமா பேச ஆரம்பித்தபோது பல ஊமைப்பட நடிகர்கள் திண்டாடினார்கள். இவருக்குக் கையில் இன்னொரு தொழில் இருந்தது. 1935இல் டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து ‘மேனகா’ எடுத்தார். புராணப் படங்களே ஓடிக்கொண்டிருந்த நாளில் அது சமூகக் கதை, துணிச்சல்தான்.

1939இல் எம்.கே. தியாகராஜ பாகவதரை வைத்து ‘திருநீலகண்டர்’. நம்ம சிதம்பரத்துக் குயவனார் கதை! கிழவனும் கிழவியுமாகக் குளத்தில் மூழ்கி இளமையோடு எழுந்தார்களே, அந்த இளமையாக்கினார் கோயில் குளத்தைத் திருவதிகைக்காரனான நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இளமையை உடம்பில் சுமந்து பேர் வாங்கின மனுஷர் அந்தக் கதையைப் படமாக்கினார் என்பது எனக்கு ஒரு தனி ருசி.

1943இல், ஐம்பது வயது நிறையும் முன்பே, கோயம்புத்தூரில் காலமானார். பிற்பாடு தமிழக அரசு அவர் பெயரில் திரைப்பட விருது ஏற்படுத்தியது. அதை வாங்கினவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஒரு ஜிம்னாஸ்ட் என்று தெரியுமோ!