தேனி தந்த தீர்ப்பு

கூத்தாடிக்கு ஊரிலே என்ன மதிப்பு இருந்தது? கொட்டகையிலே ராஜா, கொட்டகையைப் பிரித்ததும் நாடோடி! விடிய விடிய அவன் பாட்டுக்குத் தலையாட்டிய பெரிய மனிதர், விடிந்ததும் அவனைத் தன் வீட்டுத் திண்ணையிலே உட்கார விடமாட்டார். அந்தக் கூத்தாடியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள் யார்? பட்டணத்துச் சீமான்களா? பட்டம் பெற்ற பண்டிதர்களா? இல்லை, தோழர்களே! முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நாற்று நட்டவர்கள். ஏலமலை ஏறி இறங்கிய கூலிக்காரர்கள். தேனிச் சந்தையிலே மூட்டை சுமந்தவர்கள். 1962-இல் அவர்கள் தேர்ந்தெடுத்தவர், சேடபட்டி எஸ்.எஸ். ராஜேந்திரன்.

1928-இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதிலே பாய்ஸ் கம்பெனிக்குப் போனார், பிறகு டி.கே.எஸ். சகோதரர்கள் குழு. அது என்ன பட்டறை என்பதை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். பாட்டு, வசனம், வாள்வீச்சு அத்தனையும் மனப்பாடம். பெண் வேடமும் பையன்களே கட்டவேண்டும். தரை டிக்கெட்டுக்காரன் காதிலே ஒவ்வொரு எழுத்தும் விழவேண்டும்; விழாவிட்டால் வாத்தியார் சும்மா விடமாட்டார். ழகரம் வழுக்காத ராஜேந்திரன் தமிழ், அங்கே அடித்துத் தீட்டிய தமிழ்!

1952-இல் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி' வந்தது. கணேசன் புயலாக வந்தார், உண்மை. ஆனால் போரிலே காலிழந்து, பிச்சைக்காரர்களைக் கூட்டிச் சங்கம் கண்ட ஞானசேகரனை யாரால் மறக்க முடிந்தது? பிறகு 'ரத்தக்கண்ணீர்', 'முதலாளி', 'பூம்புகார்'. சொந்த நாடக மன்றமும் கண்டார். கலைஞரின் 'மணிமகுட'த்தை மேடையிலே நடத்தி, 1966-இல் படமாகவும் இயக்கினார். மனோரமா அந்த மன்றத்திலே நடித்து வளர்ந்தவர்.

பணம் கொழித்த புராணப் படங்கள் வாசலுக்கு வந்தன. கொள்கைக்கு ஒவ்வாது என்று திருப்பி அனுப்பினார். இலட்சிய நடிகர் என்ற பட்டம் அவர் விலை கொடுத்து வாங்கியது. கொள்கை வேறு, தொழில் வேறு என்று கணக்குப் பிரித்தவர்களும் உண்டு. பெயர் எதற்கு?

1962 தேர்தலிலே அண்ணா காஞ்சியில் தோற்றார். கழகம் 50 இடங்களிலே வென்றது. அந்த ஐம்பதிலே ஒன்று தேனி. மக்கள் வாக்கால் சட்டமன்றம் புகுந்த இந்தியாவின் முதல் திரைப்பட நடிகர் என்ற பெயரும் அவருக்கு வந்தது. 1970-இல் கழகம் அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது.

பின்னாளிலே எம்.ஜி.ஆர். கட்சிக்குப் போனார், 1980-இல் ஆண்டிபட்டியிலே வென்றார். நமக்கு அது வருத்தம், மறைப்பானேன்? அதற்காக 1962-ஐ அழித்தெழுத நாம் தயாரில்லை. 2014 அக்டோபர் 24-இல், 86 வயதிலே, சென்னையில் கண்மூடினார்.

அதே ஆண்டிபட்டியைத் தேடி 1984-இல் எம்.ஜி.ஆரே வந்தார், 2002-இல் ஜெயலலிதா வந்தார். அவர்கள் வந்தபோது பாதை தேய்ந்து கிடந்தது. தேனிக்காரர்கள் ராஜேந்திரனுக்கு வாக்குப் போட்ட நாளிலே, அங்கே பாதையே இல்லை.