லேபிளில் உண்மை கேட்ட வேதியியலாளர்: காஃபினை நீதிமன்றத்தில் நிறுத்திய ஹார்வி வைலி

மைசூரு: மைசூரு அக்ரஹாரம் கடைத்தெருவில் சிக்கரி கலந்த காபித்தூள் வாங்கினால், அதில் காபி எத்தனை விழுக்காடு, சிக்கரி எத்தனை விழுக்காடு என்பது பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்க வேண்டும். காபியின் பங்கு 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பதும் விதி. அருகிலுள்ள குளிர்பானக் கடையில் விற்கும் எனர்ஜி டிரிங்க் டப்பாவிலோ காஃபின் அதிகம் என்ற அறிவிப்பும், அது சிறுவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் உகந்ததல்ல என்ற எச்சரிக்கையும் இடம்பெற வேண்டும்.

தாம் விற்கும் பொருளில் என்ன இருக்கிறது என்பதை வாங்குபவரிடம் வணிகர் மறைக்கக் கூடாது. அதில் இல்லாத நன்மையை இருப்பதாகவும் சொல்லக் கூடாது. இன்று இயல்பாகத் தோன்றும் இக்கோட்பாடு சட்டமாவதற்கு நெடுங்காலப் போராட்டம் தேவைப்பட்டது. அப்போராட்டத்தில் முன்னின்றவர் அமெரிக்க அரசின் தலைமை வேதியியலாளர் ஹார்வி வாஷிங்டன் வைலி. காஃபின் கலந்த பானம் ஒன்றை முதன்முதலில் பெரும் வழக்காக நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்ற அதிகாரியும் அவரே. காஃபின் தீங்கானது என்பதை அவ்வழக்கில் அவர் தரப்பால் நிலைநாட்ட முடியவில்லை. ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி இன்றைய இந்திய விதிகள் வரை தொடர்கிறது.

விவசாயக் குடும்பத்திலிருந்து ஆய்வகத்துக்கு

இண்டியானா மாநிலத்தின் கென்ட் என்ற சிற்றூரில் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, எளிய விவசாயக் குடும்பத்தில் வைலி பிறந்தார். பிறந்த வீடு மரக்கட்டைகளால் ஆன குடில். உள்நாட்டுப் போரில் சில மாதங்கள் படைவீரராக இருந்துவிட்டுக் கல்லூரிக்குத் திரும்பினார். 1871இல் மருத்துவப் பட்டமும், 1873இல் ஹார்வர்டில் அறிவியல் பட்டமும் பெற்றார். மருத்துவத் தொழிலை மேற்கொள்ளாமல் வேதியியலைத் தேர்ந்துகொண்டு, 1874இல் புதிதாகத் தொடங்கப்பட்ட பர்டியூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1878இல் ஜெர்மனிக்குச் சென்ற வைலி, அங்கு உணவுப் பொருள்களை ஆராயும் புதிய முறைகளைக் கற்றார். நாடு திரும்பியதும், சந்தையில் விற்கப்பட்ட சர்க்கரைப் பாகுகளையும் தேனையும் சோதித்தார். தூய பொருள் என்ற பெயரில் மலிவான குளுக்கோஸ் கலந்து விற்கப்படுவது தெரியவந்தது. கலப்படத்தைவிட, அதை மூடி மறைத்த பெயரே அவருக்குப் பெருங்குற்றமாகப்பட்டது. குளுக்கோஸ் விற்பதில் தவறில்லை, அதைத் தேன் என்று விற்பதே தவறு என்பது அவர் நிலைப்பாடு. பிற்காலப் பணிகளுக்கெல்லாம் இதுவே அடித்தளமாயிற்று.

1883இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் தலைமை வேதியியலாளராக வாஷிங்டனில் பொறுப்பேற்றார். அடுத்த 29 ஆண்டுகள் அப்பதவியில் நீடித்தார்.

நஞ்சுப் படை

அக்காலத்தில் இறைச்சி, பால், பதப்படுத்திய காய்கறிகள் ஆகியவை கெடாமலிருக்க வெண்காரம், ஃபார்மால்டிஹைடு, சாலிசிலிக் அமிலம் போன்றவை தாராளமாகச் சேர்க்கப்பட்டன. அவற்றை நாடு முழுவதற்கும் பொதுவாகக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. இவை உடலுக்குத் தீங்கு செய்கின்றனவா என்பதை மனிதர்களிடமே சோதிக்க 1902இல் வைலி முனைந்தார்.

உடல்நலமுள்ள 12 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். வேதியியல் பிரிவுக் கட்டடத்தின் அடித்தளத்தில் சமையலறையும் உணவுக்கூடமும் அமைக்கப்பட்டன. உணவுடன் அளவாகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருளை இளைஞர்கள் நாள்தோறும் உட்கொண்டனர். எடை, நாடித்துடிப்பு, கழிவுகள் அனைத்தும் பதிவு செய்யப்பட்டன. நாளேடுகள் இக்குழுவுக்கு நஞ்சுப் படை என்று பெயரிட்டன. சுமார் 5 ஆண்டுகள் நீடித்த இச்சோதனை, உணவுக் கலப்படத்தை நாடு முழுவதும் பேசுபொருளாக்கியது.

மகளிர் அமைப்புகள் வைலியுடன் கைகோத்தன. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அவலத்தை அப்டன் சின்கிளேர் தம் நாவலில் வெளிப்படுத்தியது மக்களின் சினத்தைத் தூண்டியது. 1906ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, தூய உணவு மற்றும் மருந்துச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மக்கள் அதை வைலி சட்டம் என்றே அழைத்தனர்.

பட்டியலில் இல்லாத காஃபின்

மதுச்சாரம், அபின், மார்ஃபின், கோகெய்ன், ஹெராயின் உள்ளிட்ட சில பொருள்கள் சேர்ந்திருந்தால் அவற்றின் அளவை லேபிளில் குறிப்பிட வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. காஃபின் அப்பட்டியலில் இல்லை. வைலியின் பார்வை அடுத்து அதன் பக்கம் திரும்பியது.

அட்லாண்டாவைச் சேர்ந்த மருந்தாளுநர் ஜான் பெம்பர்டன் 1886இல் உருவாக்கிய கோகோ கோலா, தொடக்கத்தில் மூளைக்கு ஊக்கமளிக்கும் பானமாகவும் தலைவலிக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் ஏற்ற மருந்தாகவும் விளம்பரம் செய்யப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதிலிருந்து கோகெய்ன் நீக்கப்பட்டது. காஃபின் தொடர்ந்தது. ஒரு குவளையில் ஏறத்தாழ 78 மில்லிகிராம் காஃபின் இருந்ததாக அக்காலக் கணக்குகள் காட்டுகின்றன.

காபியிலும் தேநீரிலும் காஃபின் இயற்கையாகவே உள்ளது. அதைப் பருகுவோருக்கு அது தெரியும். சிறுவர்களுக்கு அவற்றைக் கொடுக்கப் பெற்றோர் தயங்குவர். ஆனால் இனிப்பான குளிர்பானத்தில் காஃபின் சேர்க்கப்பட்டிருப்பது குடிப்பவருக்குத் தெரியாது, சிறுவர்கள் தடையின்றி அதை வாங்குகின்றனர் என்பது வைலியின் வாதம். நடவடிக்கை எடுக்க வேளாண்மைத் துறை மேலிடம் முதலில் தயங்கியது. இறுதியில் 1909ஆம் ஆண்டு அக்டோபரில், அட்லாண்டாவிலிருந்து டென்னசி மாநிலத்தின் சட்டநூகாவுக்கு அனுப்பப்பட்ட 40 பெரிய பீப்பாய், 20 சிறிய பீப்பாய் கோகோ கோலா பாகு கைப்பற்றப்பட்டது. வழக்கின் பெயரிலேயே அந்தப் பீப்பாய்களின் எண்ணிக்கை நிலைத்துவிட்டது.

உடல்நலத்துக்குத் தீங்கான பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது முதல் குற்றச்சாட்டு. கோகா இலையும் கோலாக் கொட்டையும் இருப்பதுபோல் பெயர் வைத்து மக்களை ஏமாற்றுகிறது என்பது இரண்டாவது.

40 நாள் சோதனை

1911ஆம் ஆண்டு மார்ச்சில் விசாரணை தொடங்கியது. மனிதரின் சிந்தனைத் திறனிலும் செயல்திறனிலும் காஃபின் என்ன மாற்றம் செய்கிறது என்பதைக் காட்டும் சோதனைகள் அன்று மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்ப, நியூயார்க்கைச் சேர்ந்த இளம் உளவியலாளர் ஹாரி ஹோலிங்வொர்த்தை நிறுவனம் அமர்த்தியது. முடிவு எதுவாயினும் வெளியிடும் உரிமை தமக்கு வேண்டும், தம் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனைகளுடன் அவர் ஒப்புக்கொண்டார்.

அவரும் அவர் மனைவி லீட்டாவும் 16 பேரிடம் 40 நாள்கள் சோதனை நடத்தினர். சிலநாள் காஃபின் குளிகையும் சிலநாள் பால் சர்க்கரை மட்டும் கொண்ட குளிகையும் கொடுக்கப்பட்டன. எது எதுவென்று உட்கொண்டவருக்கும் தெரியாது, அளவிட்டவருக்கும் தெரியாது. சிறிய அளவில் காஃபின் செயல்வேகத்தைக் கூட்டியது. பின்னர் எதிர்பார்க்கப்பட்ட சோர்வு தென்படவில்லை. அளவு மிகும்போது உறக்கம் கெட்டது.

எனினும் தீர்ப்பு இந்த அறிவியலைத் தொடவே இல்லை. காஃபின் தொடக்கம் முதலே அப்பானத்தின் உறுப்பு, எனவே அதைச் சேர்க்கப்பட்ட பொருளாகக் கருத முடியாது என்று நீதிபதி எட்வர்ட் சான்ஃபோர்ட் முடிவு செய்தார். ஜூரிகளின் தீர்மானத்துக்கு விடாமலேயே நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கச் செய்தார்.

அரசு மேல்முறையீடு செய்தது. 1916ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. தனித்த பெயர் சூட்டிக்கொண்டதால் மட்டும் ஒரு கலவை சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்றும், காஃபின் தீங்கானதா என்பதை ஜூரிகளே முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறியது. மறுவிசாரணை நடைபெறுமுன் சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் வழக்குச் செலவை ஏற்று, காஃபின் அளவைப் பாதியாகக் குறைக்க இசைந்தது. காஃபின் தீங்கானதா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தில் விடை கிடைக்கவே இல்லை.

சட்டத்தில் இருந்த ஓட்டை

அதே 1911ஆம் ஆண்டில் வைலியின் சட்டத்துக்கு மற்றோர் அடி விழுந்தது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று கூறி விற்கப்பட்ட ஒரு மருந்து தொடர்பான வழக்கில், பொருளின் உட்கூறு பற்றிய பொய்யை மட்டுமே 1906 சட்டம் தடுக்கிறது, நோய் தீரும் என்ற பொய்யை அது தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததை அரசு நிரூபிக்க வேண்டியிருந்ததால், விற்பவர் தாமும் அதை நம்பியதாகக் கூறித் தப்ப வழி இருந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டமே அந்த வழியை அடைத்தது.

வைலியிடமும் குறை இல்லாமலில்லை. கிடைத்த சான்றுக்கு அப்பாலும் அவர் உறுதியாகப் பேசிவிடுவதுண்டு. சாக்கரின் உடலுக்குத் தீங்கானது என்று அவர் கூறியது, மருத்துவரின் ஆலோசனைப்படி அதையே நாள்தோறும் உட்கொண்டுவந்த ரூஸ்வெல்ட்டைச் சினங்கொள்ளச் செய்தது. அவர் முடிவுகளை மறு ஆய்வு செய்ய இரா ரெம்சன் தலைமையில் அறிஞர் குழு அமைக்கப்பட்டது. சிறிய அளவு பென்சோயேட் தீங்கற்றது என்று அக்குழு வைலிக்கு மாறாகக் கண்டது. வணிகரிடம் சான்று கேட்பவர் தம் கூற்றுக்கும் அதே அளவு சான்று வைத்திருக்க வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காஃபின் வழக்கும் உணர்த்தின.

துறைக்குள் எழுந்த ஒரு நிதிப் புகாரிலிருந்து குடியரசுத் தலைவர் டாஃப்ட் அவரை விடுவித்த போதிலும், 1912ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி வைலி பதவி விலகினார். பின்னர் குட் ஹவுஸ்கீப்பிங் இதழின் ஆய்வுப் பிரிவிலிருந்து உணவுத் தூய்மைக்காகத் தொடர்ந்து எழுதினார். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய அன்னா கெல்டன் அவருடைய மனைவி. தம் சட்டம் கையெழுத்தான நாளின் 24ஆம் ஆண்டு நிறைவன்று, 1930ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி, 85ஆம் வயதில் வைலி காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்தியாவில்

இந்தியாவில் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டமும், நோய் தீர்க்கும் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டமும் 1954இல் வந்தன. வைலி சட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டம் நிறைவேறியது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வழிசெய்கிறது. உடல்நலம் சார்ந்த கூற்றுக்கு அறிவியல் சான்று வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் கூற்றுகள் விதிமுறைகள் வலியுறுத்துகின்றன.

காஃபின் பானம் என்ற பெயரில் விற்கப்படுவதில் லிட்டருக்கு 145 முதல் 300 மில்லிகிராம் வரையே காஃபின் இருக்கலாம். நாளொன்றுக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் அருந்த வேண்டாம் என்றும் அதில் குறிப்பிட வேண்டும். 2015இல், காஃபினையும் ஜின்செங்கையும் சேர்த்துத் தயாரித்த சில எனர்ஜி டிரிங்குகளுக்கு அளித்த அனுமதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் திரும்பப் பெற்றது. பால், தானியம், மால்ட் அடிப்படையிலான பானங்களை ஹெல்த் டிரிங்க், எனர்ஜி டிரிங்க் என்ற தலைப்புகளில் இணைய வணிகத் தளங்கள் விற்கக் கூடாது என்று 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவுறுத்தியது.

இவ்விதிகளைச் செயல்படுத்துவதில் மைசூருவுக்கும் பங்குண்டு. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், முதல் ஆய்வறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்படும் உணவு மாதிரிகளைச் சோதிக்கும் மேல்நிலை ஆய்வகங்களில் ஒன்று. வணிகரின் கூற்றும் அதிகாரியின் குற்றச்சாட்டும் அங்கு ஒரே அளவுகோலால் சோதிக்கப்படுகின்றன.

இந்திய விதி அனுமதிக்கும் உச்ச அளவில் தயாரித்த 250 மில்லிலிட்டர் டப்பா ஒன்றில் 75 மில்லிகிராம் காஃபின் இருக்கும். வைலி வழக்குத் தொடுத்த காலத்துக் குவளையில் இருந்த அளவும் ஏறத்தாழ இதுவே. அன்று அதைக் குடித்தவருக்கு அது தெரிய வழியில்லை. இன்று அது டப்பாவின் மீது எழுதப்பட்டிருக்கிறது.