சுவரோர மேசை

1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அம்பாசிடர் ஓட்டலில் ஆஸ்கார் விருது விழா. ‘கான் வித் தி விண்ட்’ படக்குழுவினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். அதே படத்தில் நடித்த கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியலுக்கோ சுவரோரமாய்த் தனி மேசை! கறுப்பரை அனுமதிக்காத அந்த ஓட்டலுக்குள், தயாரிப்பாளர் செல்ஸ்னிக் வேண்டிக் கேட்டபின்தான் அவரால் நுழையவே முடிந்தது. அன்றிரவு சிறந்த துணை நடிகை விருது அவருக்கே கிடைத்தது. ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான்.

1893-ல் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில் பிறந்தவர் ஹாட்டி. பெற்றோர் இருவருமே அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். தந்தை ஹென்றி, உள்நாட்டுப் போரில் வடவர் படையில் நின்று போரிட்டவர். ஊர் ஊராகப் பாடித் திரிந்த ஹாட்டி, 1929-ன் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் பிழைப்பின்றி, மில்வாக்கி விடுதியொன்றில் பெண்கள் கழிவறைப் பணியாளரானார். பிறகு அங்கேயே பாடகியானார். 1931-ல் ஹாலிவுட் வந்தும், படமில்லாத நாட்களில் வீட்டு வேலைதான்.

மார்கரெட் மிச்செலின் 1936-ஆம் ஆண்டு நாவல், அடிமைகளை வைத்து வாழ்ந்த தென்னாட்டுச் சீமான்களின் வீழ்ச்சிக்குக் கண்ணீர் வடிப்பது. அதன் நாயகியை வளர்க்கும் விசுவாசமான அடிமைத் தாதியாக நடித்தவர் யார்? அடிமைத்தளையை அறுக்கப் போரிட்டவரின் மகள்! 1939 டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதற்காட்சிக்கு அவர் செல்ல முடியவில்லை. அங்கே நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்தது.

விருதுக்குப் பின்னும் பணிப்பெண் வேடங்களே வந்தன. இனத்தையே இழிவுபடுத்தும் வேடங்கள் இவை என்று வால்டர் ஒயிட் போன்ற தலைவர்கள் சாடினார்கள். அவர்கள் சொன்னதில் உண்மை உண்டு; அந்தப் படம் அடிமை வாழ்வை இனிக்க இனிக்கத்தான் காட்டுகிறது. ஆயினும் ஹாட்டியைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. வேறு வேடம் கொடுக்க அங்கே யார் இருந்தார்கள்?

திரையில் பணிந்தவர் வாழ்வில் பணியவில்லை. கறுப்பர் குடியிருக்கக் கூடாது என்ற பத்திர நிபந்தனையைக் காட்டி, சொந்த வீட்டிலிருந்தே அவரையும் பிற கறுப்பரையும் வெளியேற்ற வெள்ளையர் சிலர் வழக்குத் தொடுத்தனர். அனைவரும் சேர்ந்து எதிர்த்து நின்று 1945-ல் வென்றனர். அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் தந்த உரிமையை நீதிபதி எடுத்துக்காட்டி வழக்கைத் தள்ளினார். அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என்று 1948-ல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

1952 அக்டோபர் 26-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. ஹாலிவுட் கல்லறையில் துயில விரும்பினார். கறுப்பருக்கு இடமில்லை என்றார்கள். உடல் ரோஸ்டேல் கல்லறைக்குப் போனது. ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிவைத்த விருதும் பின்னாளில் காணாமற்போனது. மறுத்த கல்லறையில் 1999-ல் நினைவுக்கல் நாட்டினார்கள். தொலைந்த விருதுக்கு மாற்றாக வேறொன்று 2023-ல் ஹோவர்டு வந்து சேர்ந்தது.