பாலைவனத்தில் பாதை கண்ட தளபதி ஆன்சா



பெரியோர் வரலாற்றைப் படிப்பதால் நம் உள்ளம் உரம் பெறும். காந்தியடிகளையும் ஆபிரகாம் லிங்கனையும் நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். இந்த மலரில், பாலைவனத்தின் வழியே ஏழைக் குடும்பங்களைப் பத்திரமாக அழைத்துச் சென்ற ஒரு தளபதியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் ஹுவான் பௌத்திஸ்தா தெ ஆன்சா. சுருக்கமாக ஆன்சா என்றே சொல்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இவர் பெயரில் தெருக்களும் பள்ளிகளும் இன்றும் இருக்கின்றன.

தந்தையை இழந்த பிள்ளை

அந்தக் காலத்தில் மெக்சிகோ நாடு ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அதன் வடக்கே சொனோரா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று இன்று நாம் அழைக்கும் வறண்ட நிலம் பரந்து கிடந்தது. மெக்சிகோ நகரிலிருந்து நியூ மெக்சிகோ வரை 1598ஆம் ஆண்டிலேயே ஸ்பானியர் ஒரு நெடும்பாதை கண்டார்கள். அரச பாதை என்று அதற்குப் பெயர். மாட்டு வண்டிகளும் கோவேறு கழுதைகளும் அதில் துணிமணி, இரும்புச் சாமான், கம்பளி, தோல் எல்லாம் சுமந்து போய் வரும். ஆனால் அங்கிருந்து மேற்கே கடலோரக் கலிபோர்னியாவுக்குப் போக ஸ்பானியருக்கு வழி தெரியாது.

இந்த எல்லைப் பகுதியில்தான், 1736ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆன்சா பிறந்தார். தந்தையும் படைத்தலைவர்தான். தந்தை, மகன் இருவருக்கும் ஒரே பெயர். 1740இல் அப்பாச்சி இனத்தாரோடு நடந்த மோதலில் தந்தை கொல்லப்பட்டார். அப்போது பிள்ளைக்கு நான்கு வயதுகூட நிறையவில்லை. கலிபோர்னியாவுக்கு வழி காண வேண்டும் என்று தந்தைக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த ஆசையை மகன்தான் நிறைவேற்றினார்.

பதினைந்து, பதினாறு வயதிலேயே ஆன்சா படையில் சேர்ந்தார். குதிரையும் வெயிலும் தூசியும்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். 1760இல் டூபாக் என்னும் சிறு கோட்டைக்குத் தலைவரானார். அது இன்றைய அரிசோனாவில் இருக்கிறது.

முதல் பயணம்

1769 முதல் ஸ்பானியர் கலிபோர்னியாவின் கரையோரத்தில் குடியிருப்புகள் அமைத்தார்கள். உணவும் உடையும் கப்பலில்தான் வர வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் கப்பல் வராது. கப்பல் வராவிட்டால் பட்டினிதான். தரை வழி ஒன்று கண்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. ஆன்சா அந்த வேலையை ஏற்கத் தயாராக இருந்தார். மன்னரின் பிரதிநிதி புக்காரெலி அனுமதி கொடுத்தார்.

1774 ஜனவரி 8ஆம் நாள் ஆன்சா டூபாக்கிலிருந்து புறப்பட்டார். மொத்தம் 34 பேர். அவர்களில் ஃபிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற பாதிரியாரும் இருந்தார். பழங்குடி மக்களோடு தரையில் உட்கார்ந்து அவர்கள் உணவையே உண்டு பழகியவர் அவர். வழிகாட்டியாக வந்தவர் செபஸ்தியான் தாராபல் என்ற பழங்குடி மனிதர். கலிபோர்னியாவில் ஒரு மடத்திலிருந்து தப்பித்துப் பாலைவனத்தைக் கடந்து வந்தவர் அவர். அப்படி வரும்போது வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். தன் மனைவியை விழுங்கிய பாலைவனத்துக்கே அந்த மனிதர் மறுபடியும் வழிகாட்டப் போனார் என்றால் நினைத்துப் பாருங்கள்!

கொலராடோ ஆற்றங்கரையில் யூமா மக்கள் வாழ்ந்தார்கள். குவெச்சான் என்பது அவர்களே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர். ஆற்று வண்டலில் சோளம், அவரை, பூசணி, தர்ப்பூசணி பயிரிடும் உழவர்கள் அவர்கள். அவர்களின் தலைவரை ஸ்பானியர் பால்மா என்று அழைத்தார்கள். ஆன்சா அவரிடம் துப்பாக்கியை நீட்டவில்லை, நட்பைத்தான் கேட்டார். மன்னர் உருவம் பொறித்த பதக்கம் ஒன்றை அவர் கழுத்தில் அணிவித்தார்.

ஆற்றைக் கடந்ததும் மணல் மேடுகள் வந்தன. காற்று அடிக்க அடிக்க மணல் இடம் மாறும். நேற்று பார்த்த மேடு இன்று இருக்காது. வழிகாட்டிக்கே வழி தெரியவில்லை. தண்ணீர் இல்லை, புல் இல்லை. குதிரைகள் சுருண்டு விழுந்தன. பல நாள் அலைந்துவிட்டு, வந்த வழியே ஆற்றுக்குத் திரும்பினார்கள்.

ஆன்சா மனம் தளரவில்லை. சுமைகளையும் மெலிந்த கால்நடைகளையும் சில ஆட்களையும் பால்மாவிடம் ஒப்படைத்தார். சிறிய குழுவாக, மணல் மேடுகளைத் தெற்கே சுற்றிக்கொண்டு மறுபடி புறப்பட்டார். இம்முறை தாராபல் தனக்குத் தெரிந்த ஓர் ஊற்றை அடையாளம் கண்டுகொண்டார். அவர் பெயரையே அந்த இடத்துக்கு வைத்தார்கள். மார்ச் 22ஆம் நாள் எல்லாரும் கலிபோர்னியாவில் சான் கேப்ரியல் மடத்தை அடைந்தார்கள்.

திரும்பி வந்தபோது நடந்ததுதான் முக்கியம். ஆன்சா கொல்லப்பட்டார் என்று இடையில் ஒரு வதந்தி பரவியது. ஆற்றங்கரையில் விட்டுச் சென்ற ஆட்கள் பயந்து ஊருக்கே ஓடிவிட்டார்கள். சாமான்களும் மாடுகளும் என்ன ஆயின? பால்மா அத்தனையையும் காத்து வைத்திருந்து ஆன்சாவிடம் திருப்பிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்த பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. சொன்ன சொல் மட்டும்தான்.

பிள்ளைகுட்டிகளோடு பெரும்பயணம்

அடுத்த ஆண்டு இன்னும் கடினமான பொறுப்பு வந்தது. குடும்பங்களை அழைத்துப் போய்க் கலிபோர்னியாவில் குடியேற்ற வேண்டும். மிகவும் ஏழ்மைப்பட்ட பகுதிகளில் ஆன்சா ஆள் சேர்த்தார். பணத்தைக் கையில் கொடுத்தால் ஆண்கள் சூதாடித் தொலைத்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் துணியாகவும் பொருளாகவும் கொடுக்கச் சொன்னார். ஆண், பெண், குழந்தை எல்லாருக்கும் தலை முதல் கால் வரை உடை கிடைத்தது. பெண்களுக்கு ரிப்பனைக்கூட அவர் மறக்கவில்லை. சம்பள நாளின் மறுநாளே கை வெறுமையாகும் வீட்டில், தாய்மார்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

1775 அக்டோபர் 23ஆம் நாள் டூபாக்கிலிருந்து ஏறக்குறைய 300 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் குடியேறப் போனவர்கள் 240 பேர். குழந்தைகளே மிக அதிகம். கூடவே ஆயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகள், கோவேறு கழுதைகள், மாடுகள்.

முதல் இரவே துயரம் வந்தது. மனுவேலா பின்யுவேலாஸ் என்ற தாய் ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோனார். குழந்தை பிழைத்தது. சான் சாவியர் தெல் பாக் என்னும் ஊரில் அந்தத் தாயை அடக்கம் செய்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தார்கள். அதற்குப் பிறகு வழியில் எந்தப் பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தாலும், யாருக்கு நோய் கண்டாலும், ஆன்சா கூட்டத்தை நிறுத்திவிடுவார். நோயாளி குதிரை ஏறும் நிலைக்கு வந்த பிறகுதான் பயணம் தொடரும்.

கொலராடோ ஆற்றில் பால்மாவும் அவர் மக்களும் காய்கறி, தானியம், தர்ப்பூசணியோடு வரவேற்றார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் உயரமான குதிரைகளில் ஏற்றி ஆற்றைக் கடக்க வைத்தார்கள். யாராவது தவறி விழுந்தால் பிடிப்பதற்கு, நீரோட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள்.

அடுத்து வந்த பாலைவனத்தில் கிணறுகள் சிறியவை. முந்நூறு பேரும் ஆயிரம் கால்நடையும் ஒரே நாளில் போனால் யாருக்கும் தண்ணீர் எட்டாது. ஆகவே ஆன்சா கூட்டத்தை மூன்றாகப் பிரித்தார். ஒரு நாள் இடைவெளியில் ஒவ்வொரு பிரிவும் சென்றது. இடையில் கிணற்றில் நீர் ஊறும். எவ்வளவு எளிய யோசனை, எத்தனை உயிரைக் காத்தது பாருங்கள்! ஆனால் யாரும் எதிர்பாராத பனி கொட்டியது. பாலைவனத்தில் பனி! குளிரில் மாடுகள் பல செத்தன. கடைசிப் பிரிவை நடத்தி வந்த மொராகா என்ற அதிகாரிக்குக் காது அடைத்துப் போயிற்று. மூன்று பிரிவும் ஒன்று சேர்ந்த இரவில் மக்கள் மகிழ்ச்சி தாங்காமல் பாடி ஆடினார்கள். பாதிரியார் ஃபோன்ட் அதைக் கண்டு முகம் சுளித்தார் என்பது வேறு கதை. கிறிஸ்துமஸ் முன்னிரவில், மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரு குழந்தை பிறந்தது.

1776 ஜனவரி 4ஆம் நாள் சான் கேப்ரியல், மார்ச் 10ஆம் நாள் மொந்தெரே. டூபாக்கிலிருந்து அதுவரை கூட்டத்தில் நேர்ந்த சாவு அந்த ஒரு தாயின் சாவுதான். மார்ச் 28ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் கோட்டை கட்ட இடம் குறித்தார் ஆன்சா. இன்றைய பெருநகரம் அப்படித்தான் தொடங்கியது. தம் மக்களை மொந்தெரேயில் விட்டுவிட்டு அவர் திரும்பியபோது, பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அழுதார்கள். புதிய மண்ணுக்கு வந்த துயரத்தைவிட அவரைப் பிரியும் துயரம் பெரிதாக இருந்தது.

மூடிய பாதை

இங்கேயே கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் வரலாறு நம் விருப்பப்படி முடிவதில்லை.

ஆன்சா 1776இல் பால்மாவை மெக்சிகோ நகருக்கே அழைத்துப் போனார். தம் ஊரில் ஸ்பானியர் வந்து தங்கலாம் என்று பால்மா கேட்டுக்கொண்டார். அதிகாரிகளும் வாக்குக் கொடுத்தார்கள். பிறகு ஆன்சாவை நியூ மெக்சிகோவின் ஆளுநராக்கி அனுப்பிவிட்டார்கள். அவர் இல்லாத இடத்தில் வாக்குறுதிகள் காற்றில் பறந்தன. சொன்ன பொருள்கள் வரவில்லை. வந்த குடியேறிகளோ யூமா மக்களின் நிலத்தைப் பிடித்தார்கள். அவர்களின் மாடுகள் பயிரை மேய்ந்தன.

1781 ஜூலை 17ஆம் நாள் யூமா மக்கள் எழுந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஸ்பானியர் கொல்லப்பட்டார்கள். பழங்குடி மக்களை நேசித்த கார்செஸ் பாதிரியாரும் தப்பவில்லை. ஆன்சா திறந்த பாதை மூடியது. பல பத்தாண்டுகளுக்கு ஸ்பானியர் அந்த வழியே போக முடியவில்லை. மேலதிகாரியோ ஆன்சாவின் மேலேயே பழியைப் போட்டார்.

சந்தையில் போட்ட கோடு

ஆளுநர் ஆன்சாவின் வாழ்வில் இரத்தக் கறையும் உண்டு. 1779 செப்டம்பரில் கொமாஞ்சி இனத் தலைவர் குவெர்னோ வெர்தேயைப் போரில் வீழ்த்தினார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1786இல் எக்குவெராகாப்பா என்ற கொமாஞ்சித் தலைவரைச் சாந்தா ஃபேயில் வரவேற்றுச் சமாதானம் செய்தார். பேக்கோஸ் என்னும் ஊரில் வணிகச் சந்தை கூட்டினார். ஏமாற்றும் சண்டையும் வராமல் இருக்கத் தரையில் இரண்டு கோடு போட்டு, இரு தரப்பாரையும் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, நடுவில் பண்டம் மாற்றச் செய்தார். விலையும் முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டது. அந்தச் சமாதானம் பல பத்தாண்டுகள் நிலைத்தது. வண்டிப் பாதைகளில் பயம் குறைந்தது.

1788 டிசம்பர் 19ஆம் நாள், அரிஸ்பே என்னும் ஊரில் ஆன்சா மறைந்தார். வயது 52. 1990ஆம் ஆண்டு அமெரிக்க அரசு அவர் சென்ற சுமார் 1,200 மைல் பாதையைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது.

மாணவச் செல்வங்களே! ஸ்பானியர் வருகையால் அந்த மண்ணின் மக்கள் நிலத்தை இழந்தார்கள், நோயால் மடிந்தார்கள். அதை மறைத்து ஆன்சாவைப் புகழ்வது நியாயமாகாது. ஆனாலும் அவரிடம் கற்க நமக்குப் பாடம் இருக்கிறது. கூட்டத்தில் மிகவும் மெலிந்தவர் எவரோ, அவர் நடக்கும் வேகத்தில் அவர் கூட்டத்தை நடத்தினார். பால்மாவிடமும் ஒரு பாடம் இருக்கிறது. யாரும் பார்க்காதபோதும் அவர் சொல்லைக் காத்தார். அந்த இருவரின் சொல் நின்றவரை பாதை திறந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் சொல் தவறினார்கள், பாதை மூடிப் போயிற்று.

பெற்றோர்களே! பிள்ளைக்கு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொன்னால் வாங்கிக் கொடுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே சொல்லிவிடுங்கள். சொன்ன சொல்லுக்கு மதிப்பு உண்டு என்பதைப் பிள்ளைகள் முதலில் வீட்டில்தான் கற்கிறார்கள். அதன் பிறகே பள்ளியில் நாங்கள் கற்பிப்பது நிலைக்கும்.